கட்டாக வந்த பதினொரு அட்டைகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் வேலைக் காலத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். சில்லு அட்டைக்குள் கோப்புகளை எப்படி அடுக்குவது, இரகசியச் சாவிகளை எங்கே வைப்பது என்பதையெல்லாம் கையேடுகள் என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் எழுதப் போவது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலைப் பற்றி. அன்று நான் வடிவமைத்த மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடிய விதத்தால் ஒரு பெண்ணின் உயிர் ஆபத்தில் இருந்தது.

திட்டம் சிறியது. ஒரு தொண்டு நிறுவனம் நகரிலும், வாவிக்கு மேற்கே பழுகாமத்திலும், வடக்கே வாழைச்சேனையிலுமாக மூன்று கிளினிக்குகளை நடத்தியது. சீனி வருத்தம் என்னும் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் என்று ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள்தான் அங்கே வருவார்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு கணினி. இணைப்பு இருக்கும்போது மூன்றும் தமக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும். மாரி தொடங்கினால் இணைப்பு நாட்கணக்கில் இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் சில்லு பதித்த அட்டை ஒன்று கொடுத்தோம். கடைசியாக எழுதப்பட்ட மருந்தும் அளவும் அதில் இருக்கும். இணைப்பு இல்லாத கிளினிக்கில் அட்டை சொல்வதே இறுதி. அந்த விதியை எழுதியவள் நான்.

இந்த அட்டைகளில் எல்லோரும் முதலில் பயப்படுவது, எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது அட்டையை உருவிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கே. நானும் பயந்தேன். ஆகவே புதிய பதிவை வேறோர் இடத்தில் முழுமையாக எழுதி, எழுதியதைச் சரிபார்த்து, கடைசி நொடியில் மட்டும் 'இனி இதுதான் செல்லும்' என்று குறிப்பு மாற்றும்படி செய்திருந்தேன். நடுவில் உருவினால் பழைய பதிவு சேதமில்லாமல் அப்படியே இருக்கும். நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டுமென்றே உருவி உருவிப் பார்த்தோம். ஒருமுறைகூட அட்டை பழுதாகவில்லை. எழுதி முடியாத அட்டையின் பெயரைக் கணினி ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த அட்டை வரும்போது மீண்டும் எழுதும். அடுத்த முறை அது எங்கே போகும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வாழைச்சேனைப் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்ததில் அங்கே மூன்று வாரமாக இணைப்பு இல்லை. அந்தச் செவ்வாய் காலை பத்து மணிக்குச் சற்றுப் பின் இணைப்பு திரும்பியது. தேங்கிக் கிடந்த பதிவுகள் நகர அலுவலகத்துக்கு வரத் தொடங்கின. பதிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் கணினி காட்டும் முரண்பாட்டுப் பட்டியலில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

நோயாளியின் பெயர் பரமேஸ்வரி. பழுகாமத்துக்கு அப்பால் வயற்பக்கம் இருப்பவர். இதய வால்வு மாற்றியவர். இரத்தம் உறையாமல் இருக்க நாள்தோறும் ஒரு குளிசை எடுக்கிறார். இரண்டு வாரங்களுக்கு முன் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் அளவை ஐந்து மில்லிகிராமிலிருந்து மூன்றாகக் குறைத்திருந்தார். ஐந்து மில்லிகிராம் குளிசை ரோசா நிறம், மூன்று நீலம். கடந்த வெள்ளிக்கிழமை வாழைச்சேனைக் கிளினிக் அவருக்கு மீண்டும் ஐந்தைக் கொடுத்திருந்தது.

அளவு கூடினால் உடம்புக்குள்ளே இரத்தம் கசியும், மூளையில் கசிந்தால் காப்பாற்றுவது கடினம் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

முதலில் டொக்டரை அழைத்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆள் எங்க?"

"தெரியாது டொக்டர்."

"ஆளத் தேடுங்க. அடுத்த குளிசை போடவேணாம் எண்டு சொல்லுங்க. பல் முரசால இரத்தம் வருதா, உடம்புல நீலமாக் கண்டல் கிடக்கா, தலையிடி இருக்கா எண்டு கேளுங்க. எது எப்படியெண்டாலும் இண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க."

பதிவிலிருந்த எண்ணை அழைத்தேன். ஓர் ஆண் எடுத்தார். பின்னால் உழவு இயந்திரத்தின் சத்தம்.

"பரமேஸ்வரி அக்கா இருக்கிறாவா?"

"இது அவட போன் இல்ல. நான் கந்தசாமி, பக்கத்து வளவு. அவக்குப் போன் இல்ல, எல்லாத்துக்கும் என்ட நம்பரத்தான் குடுக்கிற. ஆரு பேசுற?"

சொன்னேன்.

"அவ மகள்ட போயிட்டாவே. வாழைச்சேனைக்கு. மகளுக்குப் பிள்ள பிறந்திரிக்கு."

"மகள்ட நம்பர் இருக்கா அண்ணன்?"

"என்ட வீட்டுக்காரிட்ட இருக்கும். அவ வயல் வட்டைக்குள்ள நிக்கிறா, விதைப்பு நடக்குது. நான் போய் எடுத்துச் சொல்ல அரை மணித்தியாலம் செல்லும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "அந்தக் கிளினிக் அட்டையில ஏதும் பிழையா மிஸ்? நான் ஒண்டும் செய்யல்ல. பதினொரு காட்டையும் ரப்பர் பட்டி போட்டுக் கொண்டு போனன், அப்படியே திருப்பிக் கொண்டு வந்தன்."

"பதினொரு காட்டா?"

"வட்டையில நிக்கிற எல்லார்ரயும்தான். விதைப்பு நேரம் ஆரு மிஸ் வேலைய விட்டுட்டு வாற? மோட்டார் சைக்கிள் வெச்சிரிக்கிறவன்தான் எல்லார்ர மருந்தையும் எடுக்கிற. எப்பவும் அப்படித்தானே."

எப்பவும் அப்படித்தான் என்பது மூன்று ஆண்டுகள் அந்தத் திட்டத்தில் வேலை செய்த எனக்குத் தெரியாது. என் வரைபடத்தில் ஓர் அட்டைக்கு ஓர் ஆள் இருந்தார். அவர் அட்டையோடு வந்து அட்டையோடு போவார். ஆனால் அப்போது அதை யோசிக்க நேரமில்லை. நம்பரை எடுத்துத் தரும்படி கந்தசாமியிடம் சொல்லிவிட்டு, எழுதி முடியாத அட்டைகளின் பட்டியலைத் திறந்தேன். பழுகாமத்தில் மட்டும் பத்தொன்பது பெயர்கள் இருந்தன. பரமேஸ்வரியின் பெயர் ஆறாவது.

பத்தொன்பது அட்டைகளும் பழுதில்லாதவை. எந்த வாசிப்பானில் போட்டாலும் தாம் சரியான அட்டைகள் என்று நிரூபிக்கும். ஆனால் அவற்றில் இருப்பது பழைய செய்தி. தேங்கிய பதிவுகள் முழுதும் பரிமாறி முடிய மாலையாகும்; அதுவரை வாழைச்சேனையில் அட்டை சொல்வதே இறுதி.

அட்டைகளை நம்ப வேண்டாம் என்று மூன்று கிளினிக்குகளுக்கும் அறிவிக்கப் போகிறேன் என்று திட்டப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அது அவருடைய வழக்கமில்லை.

"இண்டைக்கு வாழைச்சேனையில கிளினிக் நாள். வாகரையில இருந்து விடியப் புறப்பட்டு வந்த சனம் குந்தியிருக்கு. மருந்து இல்லாம அனுப்பினா நாளைக்குத் திரும்பி வருவாங்களா? பிரஷர் குளிசை இல்லாம ஒரு கிழமை இருந்தா அதுல ஒராள் விழமாட்டாரா?"

அவர் சொன்னது சரி. அட்டையை நம்பினால் யாரோ ஒருவருக்குப் பிழையான அளவு போகும். நம்பாவிட்டால் பலருக்கு மருந்தே போகாது. இப்படியான நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது கைக்கு இலகு. 'பாதுகாப்புக்காக நிறுத்தினோம்' என்று பிறகு எழுதிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். நானும் அதற்குத்தான் தயாராகப் போயிருந்தேன். திரும்பி என் மேசைக்கு வர எடுத்த நேரத்தில் கேள்வியை மாற்றிக்கொண்டேன். பழைய அளவைக் கொடுத்தால் ஆளைக் கொல்லக்கூடிய மருந்துகள் எவை? டொக்டரை மீண்டும் அழைத்தேன். இரண்டு, என்றார். இரத்தக் குளிசையும் சீனிக்கான ஊசியும். மற்றவற்றில் ஒரு மாதம் பழைய அளவு போனால் பெரிய ஆபத்தில்லை.

வாழைச்சேனையின் மருந்தாளர் றிஸ்வானா. ஓட்டமாவடியைச் சேர்ந்தவர். எதற்கும் பதறாதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

"றிஸ்வானா, இந்த நிமிஷத்திலிருந்து இரத்தக் குளிசையும் சீனி ஊசியும் காட்டப் பாத்துக் குடுக்க வேணாம். டொக்டர்ட்டக் கேட்டுக் குடுங்க. மத்ததெல்லாம் வழமை போல."

"சரி மிஸ். காட்டுக்கு என்ன நடந்த?"

"சில காட்டுல பழைய அளவு கிடக்கு. வெள்ளிக்கிழமை வால்வு மாத்தின ஒரு அம்மாக்கு நீங்க அஞ்சு குடுத்திருக்கிறீங்க. அவக்கு மூண்டாக் குறைச்சிருந்தது."

மருந்துக் கவுண்டரில் யாரோ இருமுவது கேட்டது.

"நான் காட்டப் பாத்துத்தானே மிஸ் குடுத்த."

"ஓம். நீங்க செய்தது சரி. அவ எங்க நிக்கிறா எண்டு தெரியுமா?"

"மகளுக்குப் புள்ள கிடைச்சிரிக்கி எண்டு சொன்னவ. கடதாசி ஆலைப் பக்கம் வீடு. புள்ளக்கிப் பொக்குள் இன்னும் விழல்ல எண்டும் சொன்னவ." பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "அப்ப மிட்வைப் மிஸ் வீட்டுக்குப் போயிருப்பா. புள்ள கிடைச்ச வீடெல்லாம் அவட புத்தகத்துல இரிக்கும். வைங்க மிஸ், நான் எடுக்கிறன்."

அந்தப் பெண் எந்த வீட்டில் தங்கியிருக்கிறார் என்பது எங்கள் மூன்று கணினிகளிலும் இல்லை. மருந்து வாங்கும்போது அவர் சும்மா சொன்ன நாலு வார்த்தையில் இருந்தது. றிஸ்வானா அதைக் கேட்டிருந்தார்.

கந்தசாமி நம்பரோடு அழைப்பதற்கு முன்பே றிஸ்வானா அழைத்தார். மருத்துவ மாது நேரே அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். பரமேஸ்வரி கிணற்றடியில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து முரசில் இரத்தம் வருகிறதாம், பல் தீட்டியதில் கீறிவிட்டது என்று நினைத்தாராம். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் கண்டல் இருந்தது. வாளி இடித்தது என்றாராம். அன்றைய குளிசையை அவர் இன்னும் விழுங்கவில்லை.

"ஓட்டோவுல ஏத்தியாச்சு," என்றார் றிஸ்வானா. "மிட்வைப் மிஸ்ஸும் கூடப் போறா. மிஸ், இஞ்ச வரிசை ரோட்டு வரைக்கும் நிக்கிது. நான் வேலையப் பாக்கட்டா?"

மிகுதிப் பதினெட்டுப் பேரையும் டொக்டரும் நானுமாக ஒவ்வொருவராகப் பார்த்தோம். இரத்தக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் அதில் இரண்டே பேர். இருவரும் பழுகாமத்திலேயே இருந்தார்கள். கையிலிருந்த மருந்தும் சரியான அளவு. பிற்பகலில் நான் பழுகாமத்துக்குப் போனேன்.

அங்கே மருந்தாளர் சுபாஜினி. வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். அவருக்குச் செய்தி முன்பே போயிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ட பிழையா மிஸ்?"

"தெரியாது. நீங்க வழமை போல வேலையச் செய்யுங்க. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். ஒரு வயதானவர் அட்டையைக் கொடுத்தார். சுபாஜினி அதை வாசிப்பானில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. "காலமச் சாப்பாட்டுக்கு முதல் போடுற, விளங்கிச்சா? போன முறையும் பிந்திப் போட்டிட்டீங்க" என்றார். "நீ என்ட மருமகள விட மோசம்" என்றார் பெரியவர். "மருமகள் சோறு தாறா, நான் குளிசை தாறன், ரெண்டு பேரிட்டயும் ஏச்சு வாங்குங்க." பெரியவர் சிரித்துக்கொண்டே பையைச் சரிபார்த்தார். பிறகு சுபாஜினி அட்டையை எடுத்துக் கொடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அட்டை உள்ளே இருந்தது ஒரு நிமிடத்துக்குக் கிட்ட.

அடுத்து வந்தவரிடமும் இதே கதைதான். அதற்கு அடுத்தவரிடமும். எல்லோருடைய அட்டையிலும் பதிவு ஒழுங்காக ஏறியது.

"கட்டாக் கொண்டு வந்தா எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டேன். சோதனைக்கான அட்டைகள் பத்துப் பதினைந்து என்னிடம் இருந்தன. அவற்றைக் கொடுத்தேன். செருகினார், பச்சை எரிந்தது, உருவினார், அடுத்தது. மருந்துப் பைகளுக்கான சீட்டுகள் அச்சாகி வரிசையாக விழுந்தன. திரையில் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. 'எழுதி முடியவில்லை, அட்டையை மீண்டும் செருகவும்' என்ற அந்த வாசகமும் என்னுடையதுதான். அடுத்த அட்டை உள்ளே போனதும் அது மறைந்தது.

"ஏன் உடனே எடுக்கிறீங்க?"

"பச்சை எரிஞ்சா முடிஞ்சுதானே மிஸ்? ரோட்டுலயும் பச்சை எண்டா போறதானே."

அட்டை செல்லுபடியானது என்று தெரிந்ததும் அந்த விளக்கு எரியும்படி வைத்தது நான். செருகியவுடன் ஒன்றும் நடக்காவிட்டால் பொறி பழுது என்று நினைப்பார்கள், ஒரு சைகை இருந்தால் நல்லது என்று எண்ணினேன். எழுதி முடிய அதன் பிறகும் ஏழு நொடி வேண்டும். மூன்று வருடங்களாக அந்த ஏழு நொடியையும் எனக்குத் தந்துகொண்டிருந்தது மருந்தாளருக்கும் நோயாளிக்கும் இடையிலான பேச்சு. ஏச்சும் பகிடியும் சாப்பாட்டு விசாரணையும் நடக்கும்போது அட்டை வாசிப்பானிலேயே கிடந்தது. விதைப்புக் காலத்தில் பதினொரு அட்டைகள் ஒரு கட்டாக வந்தபோது பேச ஆள் இருக்கவில்லை. ஆகவே நேரமும் இருக்கவில்லை. என் வடிவமைப்பு எதன்மேல் நின்றது என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. எனக்கே தெரியாத ஒன்றை நான் எப்படி எழுதி வைத்திருக்க முடியும்?

"வேலை போயிருமா மிஸ்?" என்று சுபாஜினி கேட்டார்.

சம்பவ அறிக்கைப் படிவத்தில் காரணம் என்றொரு பெட்டி உண்டு. அவர் பார்க்க அங்கேயே உட்கார்ந்து அதை நிரப்பினேன். விளக்கு ஏழு நொடி முந்தி எரிந்தது என்றும், அப்படி எரிய வைத்தவள் நான் என்றும் எழுதினேன். திட்டப் பொறுப்பாளர் பிறகு 'பாவனையாளர் தவறும் சேர்ந்தது' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். அட்டையை உருவும் மனிதர்களுக்காகத்தானே இரண்டு இடத்தில் எழுதும் முறையைச் செய்தோம், உருவியதை எப்படித் தவறு என்பது என்றேன். அந்த வரி சேரவில்லை.

மறுநாள் முற்பகலில் எழுதி முடிந்த பிறகே பச்சை எரியும்படி மாற்றினேன். சரிபார்க்கப்படாத அட்டைக்கு மருந்துச் சீட்டு அச்சாகாதபடியும் செய்தேன். பணி முடிந்தது என்று பதிவில் குறித்துவிட்டு, மடிக்கணினியையும் ஒரு வாசிப்பானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரமேஸ்வரியின் அட்டையைத் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த, ஐம்பது வயதளவான பெண். இரத்தம் இறங்கிவிட்ட முகம். பரிசோதனை அளவு குறைந்து வருகிறது, இன்னும் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பலாம் என்று வார்டில் சொல்லியிருந்தார்கள். மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவளுடைய முகம் மாறியது.

"காட் குடுக்கக்குள்ள, எல்லாம் இதுக்குள்ள கிடக்கு, நீங்க ஒண்டும் ஞாபகம் வைக்கத் தேவல்ல எண்டு சொன்னது நீங்கதானே?"

அட்டையோடு கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் அந்த வாசகம் உண்மையாகவே இருந்தது.

"விடு புள்ள," என்றார் தாய். "அவ வந்திருக்கிறாதானே."

"அக்கா, ஒண்டு கேக்கட்டா?" என்றேன். "குளிசையக் குறைச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கந்தசாமிர போன்ல டொக்டர் சொன்னவர். அஞ்ச விட்டு மூண்டு போடச் சொன்னவர். மறுகா நீலக் குளிசை வந்திச்சு. கையில கொண்டு போனது முடிஞ்சுதான் வாழைச்சேனையில போய் எடுத்த."

"வாழைச்சேனையில ரோசாக் குளிசை தந்த நேரம் ஏன் கேக்கல்ல?"

"திரும்பக் கூட்டியிருக்காக்கும் எண்டு நினைச்சன். மெசினுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?" சொல்லிவிட்டு, கையில் வைத்திருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் பெயரும் இலக்கமும். மறுபக்கம் வெறுமை. "மிஸ், இதுக்குள்ள என்னதான் எழுதிக் கிடக்கு? ஒருக்கா வாசிங்களன்."

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை எந்த நோயாளியும் என்னிடம் கேட்டதில்லை. திருத்துவதற்கு முன் வாசிப்பானில் செருகி, அதில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். பெயர். பிறந்த ஆண்டு. வால்வு மாற்றிய விபரம். ஒவ்வாத மருந்து ஒன்று. அவர் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். "இரத்தக் குளிசை, நாளுக்கு ஐந்து மில்லிகிராம்" என்றேன்.

"இல்ல," என்றார் உடனே. "அது பழசு. மூண்டு. இத அண்டைக்கு எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தா நான் அண்டைக்கே சொல்லியிருப்பனே."

அட்டையை அங்கேயே திருத்தி, மறுபடி அதிலிருந்தே வாசித்துக் காட்டினேன். மூன்று என்றதும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

காலையில் முடிந்தது என்று குறித்த பணியை மாலையில் மீண்டும் திறந்தேன். இன்று உங்கள் மூன்று கிளினிக்குகளிலும், பச்சை எரிவதற்கு முன், அட்டையிலிருந்து திரும்ப எடுத்த அளவு திரையில் பெரிய எழுத்தில் வருகிறது. மருந்தாளர் அதை நோயாளிக்கு வாசிக்கிறார். கட்டாக வரும் அட்டைகளுக்கு அதே வரி அச்சாகி மருந்துப் பைக்குள் போகிறது. இதனால் ஒவ்வொரு ஆளுக்கும் அரை நிமிடம் கூடுதலாகச் செலவாகிறது என்றும், அதைக் குறைக்க வழி பார்ப்பதாகவும் உங்களில் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். பார்க்கலாம். மற்ற இடங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். தேவைகள் ஆவணத்தில் அந்தப் பகுதிக்கு மேலே, 'இத அண்டைக்கு எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தா' என்று பரமேஸ்வரி சொன்ன வாக்கியம் அவர் பேசியபடியே இருக்கிறது. அதை அங்கிருந்து நீக்குவதற்கு முன், தயவுசெய்து, ஒருமுறை பழுகாமத்துக்குப் போய் அந்த மூலையில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள்.